மறுப்புக்குக் காரணம்

ட்ரோம்சோவில் இருந்துகொண்டு ஊருக்குள் போக வேண்டுமென்றால் முதல் வேலை கம்பளிச் சட்டையைக் கழற்றுவது. அடுத்த வேலை வியர்ப்பது. விண்ணரசி இரண்டையும் முடித்துவிட்டு, குளியலறைக்குள் கட்டிய பிளாஸ்டிக் கூடாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலையில் கெட்டில் ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது, இன்னொரு மூலையில் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே நேரம் மதியம்தான். ஆனால் வடக்கு நார்வேயில் கார்த்திகை பாதியில் லீவு போடுகிற சூரியன் தை மாதம்தான் வேலைக்குத் திரும்பும். ஜன்னல் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, வேர்க்குதா?" கூடாரத்துக்கு வெளியிலிருந்து உவைஸ் கேட்டான்.

"வேர்க்குது, வேர்க்குது. பயத்துல வேர்க்குதா சூட்டுல வேர்க்குதான்னு உன் பெட்டி பிரிச்சுப் பாக்குமா?"

"அதெல்லாம் பாக்காதுக்கா. ஈரம் இருக்கான்னு மட்டும்தான் பாக்கும்."

உவைஸ் காயல்பட்டினத்துக்காரன். விண்ணரசி சால்மன் மீன் வெட்டுகிற அதே தொழிற்சாலையில் குளிரறை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். அது சம்பளத்துக்கு. ஆள் ஊரிலேயே இருப்பது போலக் காட்டுகிற ஊர்ப்பெட்டி கட்டிக்கொடுப்பது அவனுடைய இன்னொரு தொழில், பிடிபட்டால் கம்பி எண்ண வேண்டிய தொழில். அந்த நகரத்தில் இருந்த தமிழ் ஆட்களில் பாதிப்பேர் அவன் தயவில்தான் ஊர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் இவ்வளவு பாடு இல்லையாம். ஒரு நாட்டின் தளம் இன்னொரு நாட்டில் திறக்காவிட்டால், விபிஎன் என்று ஒன்றைப் போட்டு, நான் சென்னையில் இருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். கம்ப்யூட்டரும் வெள்ளந்தியாக நம்புமாம். இணையத்தை நாடு நாடாக வலயங்களாக வெட்டிப் பங்கு போட்ட பிறகு அந்தப் பப்பு வேகவில்லை. இப்போது கம்ப்யூட்டர் எண்ணை யாரும் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறார்கள். விரல் வியர்க்கிறதா, காற்றில் ஈரம் இருக்கிறதா, சுவருக்குள் ஓடுகிற கரண்ட் எந்த ஊர் கரண்ட் மாதிரி ரீங்கரிக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம். ஒவ்வொரு தெருவிலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம், கரண்ட் போனாலும் கேட்கிற ஒரு தெருச்செவி தொங்குகிறது. உங்கள் அறையில் கேட்கிற சத்தமும் உங்கள் தெருவில் கேட்கிற சத்தமும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இதற்கு இருப்புச் சோதனை என்று பெயர்.

ஒரே ஒரு நல்ல காரியம், காரணம் சொல்லாமல் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று ஏதோ ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் ஒவ்வொரு மறுப்புக்கும் கீழே காரணம் வரும். 'உங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறது. உங்கள் வீட்டில் குடம் வைக்கும் சத்தம் இல்லை.' 'உங்கள் தெரு நாய்கள் குரைக்கின்றன. உங்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.' ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடினால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதுதான் எல்லோருக்கும் பொழுதுபோக்கு. அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு 'உங்கள் தெருவில் மழை பெய்கிறது' என்று மறுப்பு வந்தது. மனுஷன் உள்ளே போக முடியாததை மறந்துவிட்டு, எங்க ஊர்ல மழைடா என்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக்கொடுத்தார்.

இன்றைக்கு விண்ணரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புருஷன் ததேயு கடலில் இருந்தான்.

குமரிக் கடற்கரையில் மணல்துறை அவர்கள் ஊர். வீட்டில் ததேயுவும் அவன் அம்மா ஷைனியும் மட்டும்தான், வேறு யாரும் இல்லை. புயலுக்கு முந்தின வாரம் 'சகாய மாதா' விசைப்படகில் ஐந்து பேராக, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனார்கள். அதை அவன் எழுதிய கடைசிக் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டாள். வலயத்துக்கு வலயம் நேராகப் பேச முடியாது. எழுதினால் சோதித்துப் பார்த்து ஒரு நாள் கழித்துக் கொண்டுசேர்ப்பார்கள். புயல் என்று வந்துவிட்டால் அதுவும் கிடையாது, வதந்தி பரவும் என்று வலயக் கதவை மொத்தமாகச் சாத்திவிடுவார்கள். சாத்தி மூன்று நாள் ஆயிற்று. அவளுக்குச் சோறு இறங்கி மூன்று நாள் ஆயிற்று.

எந்தப் படகு கரை சேர்ந்தது, எது சேரவில்லை என்பது துறைப்பலகை என்கிற தளத்தில் இருக்கும். கரைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் கைரேகை வைத்தால் பேர் பச்சையாகும். ஆனால் எல்லைக் காவல் சம்பந்தப்பட்டது என்பதால் அது கடலோரத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். பக்கத்து ஜில்லாக்காரனுக்கே திறக்காது. நார்வேயில் மீன் வெட்டுகிறவளுக்கு எங்கே திறக்கும்?

காலையில் ஒரு தடவை தட்டிப் பார்த்தாயிற்று. மறுப்பு. காரணம்: 'உங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. உங்கள் வீட்டில் மின்விசிறி ஓடுகிறது.' உவைஸ் தலையிலடித்துக்கொண்டான். ஒரே நாளில் மூன்று மறுப்பு வாங்கினால் ஒரு வருஷத்துக்கு அந்த ஆளுடைய பேரில் எந்தக் கதவும் திறக்காது. ஒன்று போய்விட்டது.

"இப்ப நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கக்கா," என்றான் உவைஸ். "ஊர்ல இப்போ சாயங்காலம். புயல் கடந்துருச்சு, கரண்ட் இல்ல. இந்நேரம் உங்க வீட்டுல என்ன சத்தம் இருக்கும்?"

"சோறு வைக்கிற சத்தம்." விண்ணரசி யோசிக்கவே இல்லை. "கரண்ட் இல்லன்னா எங்க மாமி இருட்டுக்கு முன்னாடி கேஸ் அடுப்புல குக்கரை வச்சிருவா. வானம் இடிஞ்சு விழுந்தாலும் வச்சிருவா."

குளியலறை வாசலில் நின்றிருந்த தேவகிருபை மெதுவாகக் கனைத்தாள். விண்ணரசியோடு அந்த வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டவள், தூத்துக்குடிக்காரி, பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். "ஏட்டி, எதுக்கு வம்பு? சத்தமே இல்லாம வச்சுப் பாப்பமே. புயல் அடிச்ச ஊரு. எல்லாரும் சும்மா உக்காந்திருப்பாவ."

"அடுப்பெரியாம சும்மா உக்காந்திருக்க எங்க வீட்டுல என்ன எழவா விழுந்து கிடக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. உவைஸ் பெட்டியைப் பார்த்தான். தேவகிருபை நாக்கைக் கடித்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். அவர்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் விண்ணரசிக்கு அடுப்பு எரிந்தே ஆக வேண்டியிருந்தது. குக்கர் விசிலடித்தால் வீட்டில் யாரோ பசியோடு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விசில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"குக்கரையே போடு தம்பி," என்றாள்.

வெளிநாடு போகிறவர்கள் பெட்டியில் ஊறுகாயோடும் கருவாட்டுப் பொட்டலத்தோடும் ஒரு மாத வீட்டுச் சத்தத்தையும் பதிந்து எடுத்துக்கொண்டு போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவளும் கிளம்புவதற்கு முந்தின மாதம் முழுக்க வீட்டில் மூலைக்கு மூலை ஒலிவாங்கியை ஒட்டிவைத்திருந்தாள். "என் சத்தத்தை எதுக்குட்டி களவாண்டுட்டுப் போற?" என்று ஷைனி கேலி பேசினாள். ஆனாலும் அந்த மாதம் முழுக்கக் கிழவி கொஞ்சம் பலமாகவே பாத்திரம் உருட்டினாள், மருமகளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று.

உவைஸ் விசையைத் தட்டினான். கூடாரத்துக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் வந்தது. எங்கோ காகம். பிறகு தீக்குச்சி உரசுகிற சத்தம், பர்ரென்று அடுப்பு பற்றுகிற சத்தம், குக்கர் மூடியை ஒரு தட்டுத் தட்டி இறுக்குகிற சத்தம். இரும ஆரம்பித்தாள் ஷைனி, இருமி முடித்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "ஏட்டி விண்ணு, உப்பு டப்பாவை எங்க தூக்கி வச்ச?"

பதில் இல்லை. பதிந்த அன்றைக்கு விண்ணரசி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டில் நின்றிருந்தாள். பேசினால் பதிவு கெட்டுப்போகும் என்று ஊரில் விவரம் தெரிந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

அவள் மணல்துறை, சந்தியாகப்பர் தெரு, வீட்டு எண் எல்லாம் சொல்லி, பெட்டியோடு இணைந்த கவ்விக்குள் விரலை வைத்தாள். திரையில் வெள்ளை வட்டம் சுற்றியது. குக்கர் முதல் விசிலை அடித்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாதாவே, மாதாவே என்று அவள் உதடு அசைந்தது. தொடையில் வியர்வை கோடாக இறங்கியது. இரண்டாவது விசில் அடித்தபோது வட்டம் நின்றது.

'மறுப்பு. காரணம் ஒன்று: உங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. உங்கள் வீட்டில் சமையல் நடக்கிறது. காரணம் இரண்டு: நீங்கள் அறையில் தனியாக இருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த முகவரியில் இப்போது நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.'

விண்ணரசி அதை ஒரு தடவை படித்தாள். பிறகு, சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல, விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

உவைஸுக்கு முதலில் புரியவில்லை. "நூறு பேரா? உங்க வீட்டை முகாமா மாத்திட்டாங்களோ என்னவோக்கா..." என்று ஆரம்பித்தவன், முதல் காரணத்தை மறுபடி பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான். முகாம் என்றால் அண்டா அண்டாவாகச் சோறு வேகும். அவன் எழுந்து பதிவை அணைத்தான். மூன்றாவது விசில் பாதியில் அறுந்தது.

தேவகிருபை வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் இருந்ததைப் படித்தாள். நேரே அடுக்களைக்குப் போய், தான் வைத்திருந்த உலையை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தாள். அந்தச் சத்தம் குளியலறை வரை கேட்டது. விண்ணரசியின் தொண்டையிலிருந்து அப்போதுதான் ஏதோ ஒன்று கிளம்பியது, அழுகை என்றும் சொல்ல முடியாது.

அவளுடைய வீட்டில் சாவு. அவ்வளவு தெரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். இரண்டில் ஒன்று.

இங்கேதான் அவள் அதை நினைத்தாள். பிற்பாடு எத்தனையோ பூசையில் முழங்காலில் நின்றும் அவளால் திருப்பி எடுக்க முடியாத நினைப்பு. மாதாவே, மாமியா இருக்கட்டும். அவளுக்கு வயசாச்சு, அவ பாத்தாச்சு எல்லாத்தையும், அவளை எடுத்துக்க. எனக்கு அந்த மனுஷனை விட்டுரு. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு தெளிவாக நினைத்தாளென்றால், மற்றவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்து நிமிர்ந்து பார்த்தாள்.

தேவகிருபை மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மேல் வீட்டில் குடியிருந்த தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். வெளியே வாம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். விண்ணரசி அசையவில்லை. அந்தக் கூடாரத்தை விட்டு எழுந்தால் ஊரைவிட்டே எழுந்துபோவது போல அவளுக்கு இருந்தது. சரி என்று அவர்களே ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மா, இப்படித் தூரத்துல உக்கார வச்சுட்டாங்களே," என்று ஆரம்பித்ததும் மற்றவர்களும் அழ ஆரம்பித்தார்கள். யாருக்காக அழுகிறோம் என்று அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. ததேயுவை அவர்கள் பார்த்ததில்லை, ஷைனியையும் பார்த்ததில்லை. ஆனாலும் அழுதார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் ஊரில் பார்க்க முடியாமல் போன ஒரு முகம் இருந்திருக்கும்.

உவைஸ் பெட்டியை மூடத்தான் போனான். கை பாதியில் நின்றது.

"அக்கா," என்றான் தயங்கித் தயங்கி. "தப்பா எடுத்துக்காதீங்க. முள்ளு ஏறுது."

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன மானி உண்டு. அறையின் சத்தம் தெருவின் சத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அது காட்டும். காலையிலிருந்து பாதியைத் தாண்டாத முள், இப்போது பச்சைக்குள் போய் நின்றிருந்தது.

"இப்போ தட்டினா திறக்கும்க்கா," என்றான். "தட்டணுமான்னு நீங்க சொல்லுங்க."

விண்ணரசி திரையைப் பார்த்தாள். மூன்று நாளாக உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த கதவு. இப்போது திறக்கும் என்றதும் அவள் விரலை மடக்கிக்கொண்டாள். தெரியாத வரைக்கும் இருவரில் ஒருவராவது அவளுக்கு உண்டு. தெரிந்துவிட்டால் ஒருவர் போய்விடுவார்.

"ஏட்டி, வேண்டாம்னா விடு," என்றாள் தேவகிருபை. "கதவு திறந்ததும் கடுதாசி வரும்லா."

"இல்லக்கா. பாத்திருதேன்." அவள் விரலை வைத்தாள்.

வட்டம் ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. 'இருப்பு உறுதியானது. நீங்கள் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்,' என்றது திரை.

துறைப்பலகை விரிந்தது. மணல்துறைப் படகுகள் வரிசையாக வந்தன, சிலது பச்சை, சிலது சிவப்பு. 'சகாய மாதா' என்று இருந்த இடத்தை அவள் கண் தாண்டிப் போய், திரும்ப வந்து, பிடித்தது. பச்சை. ஐந்து பேர், ஐந்தும் பச்சை. ததேயு, கரை சேர்ந்தார், இன்று காலை, வலது கைப் பெருவிரல். பக்கத்தில் அவனுடைய ரேகையின் சின்னப் படம் இருந்தது. வலை அறுத்த பழைய தழும்பு குறுக்கே ஓடியது. அந்தக் காயத்துக்கு மருந்து போட்டவளே அவள்தான்.

"இருக்காரு," என்றாள். "அவரு இருக்காரு." சிரித்தாள். உடம்பெல்லாம் உதறச் சிரித்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். கடவுளே, கடவுளே என்று தேவகிருபை நெஞ்சில் கைவைத்துச் சுவரில் சாய்ந்தாள்.

பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவன் பெருவிரல் உயிரோடு இருக்கிறது. வீட்டில் நூறு பேர் இருக்கிறார்கள். தெருவில் அடுப்பு எரியவில்லை. கணக்குப் போட யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை.

விண்ணரசியின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்கே தெரியாது. கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். கேட்டதை அப்படியே, சொல் மாறாமல். மாமி புயலில் விழுந்தாளோ, மகன் வருவானா வருவானா என்று நெஞ்சு அடைத்ததோ, என்ன ஆயிற்றோ, துறைப்பலகைக்கு அதெல்லாம் தெரியாது. அது படகுகளைத்தான் எண்ணும். ஒருவேளை மகன் ஈரத்துணியோடு வாசலில் ஏறினதைப் பார்த்துவிட்டுத்தான் போனாளோ. அப்படியே இருக்கட்டும் என்று விண்ணரசி நினைத்தாள். அதை நினைக்கக்கூட இனிமேல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"தம்பி," என்றாள் கொஞ்சம் கழித்து. "அந்தப் பதிவை ஒருக்கா போடு."

"திறந்த பிறகும் தளம் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்க்கா. போட்டா உடனே மறுத்துரும். தெருவுல அடுப்பு எரியல. இன்னைக்கு இது மூணாவது. ஒரு வருஷத்துக்கு உங்க பேர்ல எதுவும் திறக்காது." அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "வேணும்னா நாளைக்குப் போடுதேன். பெட்டியை அணைச்சுட்டுத் தனியா கேளுங்க."

"நாளைக்கு அவ மண்ணுக்குள்ள போயிருப்பா. இப்ப அவ வீட்டுல இருக்கா. நானும் வீட்டுல இருக்கேன்னு இதுல எழுதியிருக்கு. சாத்துனா சாத்தட்டும். போடு."

உவைஸ் தேவகிருபையைப் பார்த்தான். போடுடே என்று அவள் தலையசைத்தாள்.

தண்ணீர் சொட்டியது. காகம் கத்தியது. தீக்குச்சி உரசி, அடுப்பு பர்ரென்று பற்றியது. குக்கர் மூடியில் ஒரு தட்டு விழுந்தது. ஷைனி இருமினாள், இருமி முடித்தாள்.

"ஏட்டி விண்ணு, உப்பு டப்பாவை எங்க தூக்கி வச்ச?"

துறைப்பலகை மறைந்து வெள்ளைத் திரை வந்தது. மறுப்பு என்று எழுதி, கீழே காரணமும் எழுதத் தொடங்கியது. விண்ணரசி அதைப் பார்க்கவில்லை.

"மேல் தட்டுல இருக்கு மாமி," என்றாள். "மிக்ஸிக்குப் பின்னால."